குத்துவிளக்கின் முப்பரிமாண மாதிரி: வருடல்களை இணைக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுனில் பாட்டி விட்டுச்சென்ற பித்தளைக் குத்துவிளக்கைச் சுழல்மேடையில் வைத்து, 30 பாகைக்கு ஒன்றாக 12 கோணங்களில் மேற்பரப்பைப் புள்ளிகளாகப் பதிவுசெய்யும் லேசர் ஸ்கேனரால் வருடியிருக்கிறேன். 1992இல் பெசல், மெக்கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த, மிக அருகிலுள்ள புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பொருத்தும் முறையில் அடுத்தடுத்த வருடல்களை இணைத்துக்கொண்டே போனால், ஒவ்வோர் இணைப்பிலும் சேரும் சிறு பிழை வளர்ந்து, கடைசி வருடல் முதலாவதோடு ஒட்டாமல் விலகி நிற்கிறது. தண்டு உருண்டையாக இருப்பதால், எவ்வளவு சுழற்றினாலும் பொருந்திவிட்டதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. உச்சியிலுள்ள அன்னம் ஒன்றே திசை காட்டக்கூடியது. வெள்ளிதோறும் பாட்டி புளியிட்டுத் துலக்கிய அதன் பளபளப்பில் லேசர் ஒளி ஸ்கேனருக்குத் திரும்பாமல் வேறு பக்கம் தெறித்துப்போவதால், அங்கேதான் புள்ளிகள் மிகவும் குறைவாகப் பதிவாகியுள்ளன.

எல்லா வருடல்களையும் ஒருசேரச் சரிசெய்து பிழையைப் பகிர்ந்தளிக்கும் முறையைக் கையாண்டவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். வருடல்களை ஒன்றோடொன்று பொருத்த அடையாளமாக உதவும் குறிவில்லைகளை மேடையில் ஒட்டினால் போதுமா? பளபளப்பைக் குறைக்க விளக்கின் மீது எதையும் பூச எனக்கு மனமில்லை.