இந்திரா சௌந்தர்ராஜன் திகில் எழுத்தாளரா?

செவ்வாய்ப்பேட்டையான்:
1958-ல் நம்ம சேலத்தில் பிறந்தவர், 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். நம்ம ஊர்க்காரர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் திகில் எழுத்தாளர் என்று சொல்லாதீர்கள். திகில் கதை படித்தவன் ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் தயங்க வேண்டும். இவர் கதையை முடித்தால் காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகத்தான் தோன்றுகிறது. சித்தர், நவபாஷாணம், ஏட்டுச்சுவடி... எல்லாம் பக்திதான், மேலே மர்ம முலாம்.

ஏற்காட்டு வாசகி:
அண்ணா, 90களில் டிவியே பார்க்கவில்லையா? நாகா இயக்கிய மர்மதேசம் டிவி தொடரில் விடாது கருப்பு கதை ஓடிய நாட்களில், எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பெரியவர்களே வெளியே போகத் துணை கேட்டார்கள். கடைசியில் என்ன வருகிறது? ஆளுமைப் பிளவு என்று மனநல விளக்கம். பக்திக்கதை இப்படியா முடியும்?

செவ்வாய்ப்பேட்டையான்:
அந்தப் பயம் நாகா கொடுத்தது. இருட்டு, குதிரை, பின்னணி இசை. மூலமான ‘விட்டுவிடு கருப்பா’ நாவலை மட்டும் எடுங்கள். மனநோய் என்று சொன்ன பிறகும் காவல் தெய்வமான கருப்பு உண்டா இல்லையா என்பதை முடிக்காமல் விடுவார். சாமி கும்பிடுகிறவரும் கோபிக்கக் கூடாது, பகுத்தறிவு பேசுகிறவரும் கோபிக்கக் கூடாது. நல்ல வியாபாரம்!

கஞ்சமலை அடிவாரம்:
முடிக்காமல் விடுவதில்தானே பயமே இருக்கிறது? பேய்தான் என்று தெரிந்தால் மந்திரவாதி, நோய்தான் என்றால் டாக்டர். எது என்றே தெரியாதபோது யாரிடம் போவீர்கள்? அமாவாசையன்று கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு வந்து கூட்டத்தைப் பாருங்கள். முழுசாக நம்பி வருகிறவர்கள் ஒரு பக்கம், ‘எதற்கும் போய்த்தான் பார்ப்போமே’ என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர் எழுதியது இந்த இரண்டாவது வகைக்கு. என் குறை வேறு. யாராவது ஒரு பெரியவர் வந்து பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசுவார், கதை அங்கேயே உட்கார்ந்துவிடும். வாரத் தொடராக எழுதும் அவசரம் அப்படி.

ஏற்காட்டு வாசகி:
அந்தப் பிரசங்கம் எனக்கும் அலுப்புதான், தாண்டிப் போய்விடுவேன். ஆனால் தேவதாசி வாழ்க்கையைச் சொல்லும் சிருங்காரம் படத்துக்கு எழுதியவரும் இவர்தான். அதில் பேயும் இல்லை, சித்தரும் இல்லை. எல்லாவற்றையும் முலாம் என்று தள்ளிவிட முடியுமா?

செவ்வாய்ப்பேட்டையான்:
சினிமாவை விடுங்கள், பேச்சு நாவலைப் பற்றி. டிவியை மறந்துவிட்டு, புத்தகத்தில் எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.