பழைய கேனன் ஏஇ-1: ஷட்டர் கீச்சிடுவது இயல்புதானா?

கேள்வி

வணக்கம். சென்ற வாரம் பழைய கேனன் ஏஇ-1 கேமரா ஒன்றை 50 மி.மீ. லென்ஸோடு வாங்கினேன். புதிய 6 வோல்ட் பேட்டரி போட்டதும் ஷட்டர் இயங்குகிறது. ஆனால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் இழுப்பு வந்தவர் மூச்சு வாங்குவதுபோல ஒரு கீச்சொலி எழுகிறது. "இந்த மாடலே அப்படித்தான்" என்கிறார் விற்றவர். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு ரோல் எடுத்துக் கழுவி வாங்குவது நடவாத காரியம். ஃபிலிம் போடாமலே எவற்றையெல்லாம் சோதிக்க முடியும்?

பதில் 1

விற்றவர் சொன்னதில் பாதிதான் உண்மை. 1976இல் வெளிவந்த இந்த மாடலில் அந்த ஒலி மிகப் பரவலானது என்றாலும், அது பிறவிக் குணம் அன்று. உள்ளிருக்கும் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றிப்போனதால் வருவது. உரிய இடத்தில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விழுந்தால் நின்றுவிடும். அந்த இடம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அது ஷட்டரின் துணித்திரை வரை பரவிவிடும்.

ஒலியைவிட நான் கவலைப்படுவது ஷட்டர் வேகத்தைப் பற்றித்தான். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, கேமராவை வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடித்து 1/1000 நொடி வேகத்தில் அழுத்துங்கள். கணநேரம் தெரியும் செவ்வகம் ஓரத்துக்கு ஓரம் ஒரே சீராக ஒளிர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருண்டால், பின்னால் வரும் திரை முன்னால் ஓடும் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள், அப்படியிருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெதுவான வேகங்களைக் கைபேசியின் ஸ்லோமோஷனில் பதிவு செய்து எண்ணலாம்: நொடிக்கு 240 ஃபிரேம் என்றால், 1 நொடிக்கு 240 ஃபிரேமும் 1/30க்கு 8 ஃபிரேமும் திரை திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒளியை அளக்கும் மீட்டர். ஏஎஸ்ஏ (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 200, வேகம் 1/250, லென்ஸ் வளையம் 'ஏ'யில் (தானியங்கி). உச்சிவெயில் விழும் இடத்தைப் பார்த்துப் பட்டனைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் தெரியும் முள், லென்ஸ் துவார அளவைக் காட்டும் எண்களில் 16ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு, பின்கதவு மூடும் பள்ளங்களில் உள்ள கறுப்புப் பஞ்சையும் நகத்தால் தொட்டுப் பாருங்கள். இத்தனை வயதான கேமராவில் அது தாராக உருகியிருப்பதே வழக்கம் என்பதால் அதற்காகத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் மாற்றாமல் ஃபிலிம் போடக்கூடாது. நான் சோம்பல்பட்டு ஒரு ரோலை அப்படியே போட்டு, படம் படமாக ஆரஞ்சு நிறக் கீற்றுகளை வாங்கிக்கொண்டேன். பின்னாளில் உங்களுக்கும் கீற்று வந்தால் நெகடிவைப் பாருங்கள்: படச்சட்டத்தைத் தாண்டிப் பல்துளைகள் வரை கீற்று ஓடியிருந்தால் கதவில் கசிவு, சட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தால் துணித்திரையில் ஓட்டை இருக்கலாம்.

லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசி பொருட்டில்லை, சிலந்தி வலைபோல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 1/1000இல் செவ்வகம் சீராகவே தெரிந்தது. 1 நொடிக்கு 236 ஃபிரேம் எண்ணினேன். லென்ஸில் பூஞ்சை இல்லை. பஞ்சு மட்டும் விரலில் அப்பிக்கொண்டு, மண்ணெண்ணெய் தொட்டுத்தான் போயிற்று. ஆனால் மீட்டர் முள் 16க்குப் பதிலாக 11இல் நிற்கிறது. இது பெரிய குறையா?

பதில் 1

ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளி விடுகிறது, அவ்வளவுதான். கலர் நெகடிவ் அதைத் தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. எல்லா வெளிச்சத்திலும் இதே அளவு விலகுகிறதா என்று நிழலிலும் ஒருமுறை பாருங்கள்; விலகினால் 200 ஃபிலிம் போட்டுவிட்டு ஏஎஸ்ஏ டயலை 400இல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கும் பஞ்சுக்கும் ஆகும் கூலியை விற்றவரிடம் விலையில் கழிக்கச் சொல்லிவிட்டுக் கேமராவை வைத்துக்கொள்ளலாம்.