வாக்கர் ஏன் வடக்கில் மட்டும் குவிகிறது? தரவில் தப்பா?

லீட்ஸ்வாசி:
வணக்கம். தொழிலை வைத்து வந்த ஆங்கிலக் குடும்பப்பெயர்களை, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்மித், டெய்லர் எல்லாம் நாடு முழுக்கப் பரவலாக வருகின்றன. வாக்கர் மட்டும் யார்க்‌ஷயர் பக்கம் அப்பிக்கொண்டு நிற்கிறது, தெற்கே போகப் போக மெலிகிறது. கோப்பை மறுபடி ஏற்றியும் அதேதான். அதோடு, அமெரிக்கத் தரவில் வாக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று காட்டுகிறது. பத்தி ஏதும் இடம் மாறிவிட்டதா?

மழைத்தாள்:
வாக்கர் என்றால் நடக்கிறவர். காட்டைச் சுற்றி வந்த காவலர்களாக இருக்கும். வடக்கே காடு அதிகமோ என்னவோ!

பழைய ஏடு:
நடை இல்லை மழைத்தாள், மிதி. நெய்து முடித்த கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இழையும் தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து இறுக்குவார்கள். பிசுக்கு போக, புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பார்கள். நாம் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி அந்த வகை மண்தான். நாற்றத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைச் செய்தவருக்கு வடக்கிலும் மேற்கு மிட்லாண்ட்ஸிலும் வாக்கர் என்று பெயர். தென்கிழக்கில் ஃபுல்லர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். எக்ஸெட்டரில் நெசவாளர், மிதிப்பவர் சங்கத்தின் கட்டடத்துக்கு இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றுதான் பெயர். லீட்ஸ்வாசி, ஃபுல்லரையும் டக்கரையும் அதே வரைபடத்தில் ஏற்றிப் பாருங்கள், தெற்கில் உள்ள ஓட்டை அடைபடும்.

உங்கள் ஊருக்கே இதில் பங்கு உண்டு. தண்ணீர் விசையில் ஓடும் மரச்சம்மட்டிகள் காலுக்குப் பதிலாக வந்தபோது, இங்கிலாந்தில் அவற்றைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1185-இல் டெம்ப்ளர் வீரத்துறவிகள் எழுதிய சொத்துக்கணக்கு. அதில் வரும் நியூசம், லீட்ஸ் அருகே இருக்கும் டெம்பிள் நியூசம். மிதிப்பது நின்றும் பெயர் நிலைத்துவிட்டது.

லீட்ஸ்வாசி:
ஏற்றிவிட்டேன் ஐயா, கச்சிதமாகப் பொருந்துகிறது! அமெரிக்கா பற்றி?

கடலோடி:
அதுவும் தப்பில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 100 பேருக்குக் குறையாமல் உள்ள பெயர்களை இன விகிதத்தோடு வெளியிடுகிறது. 2000 கணக்கில் வாக்கர்கள் 5 லட்சம் பேர். வாஷிங்டன் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள், சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர்.

காரணம் அடிமை முறை. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பெயரே பெரும்பாலும் கிடையாது. முதலாளி பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். விடுதலைக்குப் பிறகு 1870-இல்தான் முழுப்பெயரோடு பதிவானார்கள். சிலர் பழைய முதலாளியின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அமெரிக்க வாக்கர் ஒருவரைப் பார்த்ததும் யார்க்‌ஷயர் வம்சம் என்று முடிவுகட்டாதீர்கள். கூந்தல் பொருள் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர் பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர், கணவர் வழி வந்த பெயர்.

லீட்ஸ்வாசி:
நன்றி. அப்படியென்றால் மூன்று பெயரையும் கூட்டி "துணி மிதித்தவர்கள்" என்று ஒரே நிறம் போட்டுவிடலாமா?

பழைய ஏடு:
வேண்டாம், மூன்று நிறமாகவே இருக்கட்டும். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதுதானே சுவாரசியம். இன்னொன்று, அயர்லாந்துக்கு நீட்டுவதாக இருந்தால் டக்கரை விட்டுவிடுங்கள். அங்கே பழைய ஐரிஷ் குலப்பெயர் ஒன்றும் ஆங்கில எழுத்தில் டக்கர் ஆகியிருக்கிறது. அவர்களுக்கும் துணிக்கும் சம்பந்தம் இல்லை.