மறு: விலங்குக்காட்சிசாலை விளையாட்டுகளில் ‘அனட்டாமிக்கல் அக்யூரசி’ – ‘உடலமைவொப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினி விளையாட்டில் வரும் விலங்கின் உடலமைப்பு உயிருள்ள விலங்கோடு ஒத்துப்போவதை ஆங்கிலத்தில் ‘அனட்டாமிக்கல் அக்யூரசி’ என்கிறார்கள். அதற்கு ‘உடலமைவொப்பு’ என்ற சொல் சரியா என்பதுதான் பேச்சு. வந்த மாற்றுக் கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘உடற்கூற்றுத் துல்லியம்’ என்றே வைத்துவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் செய்தித்தாள் படிக்கிறவருக்கு ‘உடற்கூறு’ என்றதுமே பிரேதப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். ‘உடற்கூறாய்வு’ அந்தப் பொருளில் அவ்வளவு ஊன்றிவிட்டது. மருத்துவப் பாடநூலில் அது இருக்கட்டும். ஒரு விளையாட்டின் விளக்கக் குறிப்பில் வேண்டாம்.

> மெய் என்றால் உடம்பு, உண்மை இரண்டும்தான். ‘மெய்யொப்பு’ பொருத்தமாக இருக்கும்.

கேட்க இனிமையாக இருக்கிறது ஐயா. ஆனால் கணினித் துறையில் ‘மெய்நிகர்’ (வர்ச்சுவல்) முந்திக்கொண்டுவிட்டது. ‘மெய்நிகர் விலங்கின் மெய்யொப்பு’ என்று எழுதினால் வாசகர் எந்த ‘மெய்’ எது என்று தடுமாறுவார்.

சொல்லுக்கு முன்னால் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம். 2001இல் வந்த ஜூ டைகூன் என்ற விளையாட்டில் விலங்குகள் தட்டையான சிறு படங்கள்தான். வரிக்குதிரைக்கு வரி இருந்தால் போதும். 2019இல் வந்த பிளானட் ஜூ என்ற விளையாட்டில் கேமராவை யானையின் கால்நகம் வரை கொண்டுபோகலாம். பார்வை அவ்வளவு நெருங்கியபிறகு ‘பார்க்க யானை போல இருக்கிறது’ என்பது மட்டும் போதாது.

ஆப்பிரிக்கப் புல்வெளி யானையின் உருவை எடுத்து, காதைச் சிறிதாக்கி, நிறத்தைக் கொஞ்சம் மாற்றினால் தூரத்திலிருந்து பார்ப்பவர் ஆசிய யானை என்றே நம்பிவிடுவார். கிட்டப் போனால் எல்லாம் பிசகும். ஆசிய யானைக்குத் தும்பிக்கை நுனியில் ஒரு விரல், ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. ஆசிய யானையின் முதுகு மேல்நோக்கி வளையும், மற்றதன் முதுகு நடுவில் பள்ளமாக இறங்கும். உடம்பில் மிக உயர்ந்த இடம் ஆசிய யானைக்குத் தலை, மற்றதற்குத் தோள். கால்நக எண்ணிக்கைகூடப் பொதுவாக வேறு: ஆசிய யானைக்கு முன்காலில் 5, பின்காலில் 4, ஆப்பிரிக்கப் புல்வெளி யானைக்கு 4, 3.

ஆக, தோற்றம் பொருந்தியும் அமைப்பு பொருந்தாமல் போகலாம். அதனால் ஒரு சொல் போதாது என்று நினைக்கிறேன். தோலின் நிறம், வரி, மயிர் எல்லாம் சரியாக இருந்தால் உருவொப்பு. உறுப்புகளின் எண்ணிக்கை, இடம், இணைப்பு, அளவு விகிதம் அந்த இனத்துக்கு உரியபடி இருந்தால் உடலமைவொப்பு. ‘துல்லியம்’ என்ற சொல்லை விட்டதற்குக் காரணம் உண்டு: இங்கே கேள்வி அளவு எவ்வளவு நுணுக்கமானது என்பதல்ல, உயிருள்ள விலங்கோடு ஒத்துப்போகிறதா என்பதுதான்.

வெளியே தெரிவது உரு, உள்ளே இருப்பது அமைவு என்று பிரிக்கலாமே என்று ஒரு தோழர் கேட்டிருந்தார். அது சரிவராது. புலியின் கண்மணி வட்டமானது, வீட்டுப் பூனையுடையது செங்குத்துக் கீற்று. புலிக்குக் கீற்றுக் கண்மணி வைத்தால் அது வெளியே தெரிகிற பிழைதான், ஆனாலும் உடலமைவொப்பில் வரும் பிழை.

உள்ளே இருப்பதில் பெரிய பாடு தோள்பட்டைதான். புலி பதுங்கி நடக்கும்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளும் மாறி மாறி முதுகுக்கு மேலே எழுந்து இறங்கும். மனிதரில் தோளை மார்போடு இணைக்கும் காறையெலும்பு பூனை இனங்களில் தேய்ந்துபோய் எதனுடனும் இணையாமல் தசைக்குள் கிடக்கிறது. முன்காலை உடம்போடு பிடித்திருப்பது தசைதான். அதனால் தோள்பட்டை விலா மேல் வழுக்கி ஓடுகிறது. ரிக்கில், அதாவது உருவை அசைக்க அதற்குள் எலும்பும் மூட்டும் போல வைக்கும் கண்ணிகளின் கோவையில், அதை மனிதத் தோள் மாதிரி ஓரிடத்தில் அறைந்து வைத்தால் புலி கட்டில்கால் போல விறைப்பாக நடக்கும். தோலில் எத்தனை அழகாக வரி தீட்டினாலும் அதை மறைக்க முடியாது. அந்தக் குறையைச் சுட்டத்தான் நமக்கு இந்தச் சொல் வேண்டும்.

மான், குதிரையின் பின்காலில் பின்பக்கமாக மடியும் மூட்டை முழங்கால் என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அது கணுக்கால், முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்காலில் முழங்கால் போலத் தெரிவது மணிக்கட்டு. இதோடு சேர்த்தே மூன்று சொற்கள்: பூனை, நாய்க்கு விரல்நடை, கரடிக்கு உள்ளங்கால்நடை, மான், குதிரைக்கு குளம்புநடை.

அப்புறம் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. அதற்கும் மனிதருக்கும் கழுத்தெலும்பு 7தான். அசைவூட்டுபவர் வளைவு வழுவழுப்பாக வரட்டும் என்று ரிக்கில் அதற்கும் அதிகமாகக் கண்ணிகள் வைத்தால் அது உடலமைவொப்பை மீறுவதா? என் பார்வையில் இல்லை. ரிக்கின் கண்ணி ஒரு கருவி. கழுத்து வளையக்கூடிய இடத்தில், வளையக்கூடிய அளவுக்கு வளைந்தால் சரி.

‘மாடல்’ என்பதற்கு ‘மாதிரி’ வேண்டாம். ‘யானை மாதிரி’ என்றால் யானையைப் போல என்று ஆகிவிடும். ‘யானை உரு’ என்றே எழுதுவோம். ‘ரிக்’ இப்போதைக்கு ரிக்காகவே இருக்கட்டும். ‘எலும்புச்சட்டகம்’ நல்ல சொல்தான், ஆனால் உண்மையான எலும்புக்கூட்டோடு குழம்பும் என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

எடுத்தாளும் விதம்: ‘இந்தப் புலி உருவில் உருவொப்பு நன்று, தோள்பட்டையில் உடலமைவொப்பு இல்லை.’ தொடர்ந்து வரும் இடங்களில் ‘அமைவொப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

நடையும் ஓட்டமும் பொருந்துவதை ‘அசைவொப்பு’ என்று தனியாகப் பிரிக்கலாமா, அதையும் இதற்குள்ளேயே அடக்கலாமா? பிரிக்க வேண்டும் என்பது என் பக்கம். விலங்கியல் படித்தவர்களும் அசைவூட்டத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

அன்புடன்