எறும்பின் பாக்டீரியா: இடமா, முட்டையா?

வெள்ளவத்தை வாசி:
"எறும்பின் பாக்டீரியாவைத் தாய் கொடுத்துவிடுகிறது, இடத்துக்கு அதில் வேலையே இல்லை" என்று தெஹிவளை டீச்சர் நேற்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல் தீரவில்லை. எங்கள் ஒழுங்கை வடிகானில் ஊறிய பாண் துண்டில் மொய்த்த எறும்பு, வரிசையாகச் சுவரேறிச் சீனிப் போத்தலுக்குள் வந்து நிற்கிறது. வழியில் ஒன்றும் அதன் வயிற்றுக்குள் போகவில்லையா? ஆஸ்பத்திரிகளில் பாரோ எறும்பு என்ற சின்ன மஞ்சள் எறும்பு நோய்க்கிருமி காவுவதை 1972இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

தெஹிவளை டீச்சர்:
தம்பி, காவித் திரிவது வேறு, குடியிருப்பது வேறு. கட்டெறும்பை எடுங்கள், விலங்கியலில் அதன் பேர் கம்போனோட்டஸ். அதன் நடுக்குடலிலும் சூலகத்திலும் கலங்களுக்குள்ளேயே பிளொக்மானியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. எறும்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் செய்து கொடுப்பது அதுதான். சூலகத்திலிருந்து நேரே முட்டைக்குள் போகிறது. முட்டைக்குள்! உங்கள் வடிகான் அங்கே எப்படிப் போகும்?

வெள்ளவத்தை வாசி:
எல்லா எறும்பும் கட்டெறும்பா? பெரு நாட்டு மழைக்காட்டில் பார்த்து 2017இல் எழுதினார்கள்: மரத்தில் வாழும் பல எறும்புகளின் குடலில் பாக்டீரியா நிறைய, தரையில் திரியும் பலவற்றில் மிகக் குறைவு. இது இடமில்லாமல் வேறென்ன?

தெஹிவளை டீச்சர்:
சாப்பாடு. மரத்தில் இருப்பவற்றில் பல, நைதரசன் குறைந்த இனிப்புச் சாற்றை நம்பி வாழ்பவை. அதனால்தான் பாக்டீரியாவின் துணை தேவைப்படுகிறது. முட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை.

மட்டக்குளி மச்சான்:
சாப்பாடு இடத்திலிருந்துதானே டீச்சர் வருகிறது? எங்கள் மாமரத்து முசுறைப் பாருங்கள், இலையைப் பின்னிக் கூடு கட்டி அங்கேயே கிடக்கிறது.

கொட்டாஞ்சேனை குமார்:
அது செவ்வெறும்பு. முசுறு என்று எவன் சொன்னான்?

மட்டக்குளி மச்சான்:
என் அம்மம்மா சொன்னார். உங்களிடம் கேட்டுத்தான் பேர் வைக்க வேண்டுமோ?

வெள்ளவத்தை வாசி:
டீச்சர், ஆய்வுகூடத்தில் வைத்து வளர்த்தாலே பல எறும்புகளின் குடல் பாக்டீரியா மாறிவிடுகிறது. அதைத் தொடவே மாட்டீர்கள். போன மாதம் நுளம்பு விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

தெஹிவளை டீச்சர்:
நுளம்பை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவள் நான். பிளொக்மானியா முட்டைக்குள் போகிறதா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
கட்டெறும்பில் போகிறது. மற்ற எறும்புகள்?

தெஹிவளை டீச்சர்:
போகிறது என்று எழுதிவிட்டீர்கள். அது போதும் எனக்கு.

வெள்ளவத்தை வாசி:
பாதியை மட்டும் வாசிக்காதீர்கள் டீச்சர்!

கொட்டாஞ்சேனை குமார்:
முசுறு இல்லை. செவ்வெறும்பு.