டேட்டாபேஸ் சரியான பிறகும் சர்வீஸ் மீளவில்லை, எங்கே பார்ப்பது?

கேள்வி

ரிக்வெஸ்ட் போகும் வரிசை இதுதான்: கேட்வே (வெளியிலிருந்து வருவதை முதலில் வாங்கும் சர்வீஸ்), ஆர்டர் சர்வீஸ், ஸ்டாக் சர்வீஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மூன்று சர்வீஸிலும் தலா 3 முயற்சி, எல்லா இடத்திலும் டைம்அவுட் 5 விநாடி. வழக்கமான சுமை விநாடிக்கு 400 ரிக்வெஸ்ட், பதில் வர 50 மில்லி விநாடி. ஒரு கனமான க்வெரியால் டேட்டாபேஸ் 2 நிமிடம் திணறியது. அந்த க்வெரியை நிறுத்தியும் ஸ்டாக் சர்வீஸ் எழவில்லை. குபர்நெட்டிஸ் பாட்கள் (சர்வீஸின் ஓடும் பிரதிகள்) மாறி மாறி ரீஸ்டார்ட் ஆகின்றன. பாட்களை இரட்டிப்பாக்கினால் நிலைமை இன்னும் மோசம். ஏன்?

பதில் 1

இப்போது சுமை கொடுப்பது வாடிக்கையாளர்கள் அல்ல, உங்கள் ரீட்ரைதான் (தோற்ற ரிக்வெஸ்ட்டை மீண்டும் அனுப்புவது). 3 × 3 × 3 = 27. ஒரே ஒரு கிளிக் டேட்டாபேஸில் 27 க்வெரி வரை ஆகலாம்.

டைம்அவுட் எல்லா அடுக்கிலும் ஒன்றாக இருப்பது அடுத்த கேடு. 5 விநாடியில் கேட்வே கைவிட்டுவிடும். கீழே இருப்பவை யாருக்கும் வேண்டாத வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். சாதாரண நாளில் ஒரே நேரத்தில் நிலுவையில் இருப்பது 400 × 0.05 = 20 ரிக்வெஸ்ட். பதில் 5 விநாடி ஆனால் அதுவே 2000. எந்தக் கனெக்‌ஷன் பூலும் (டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) தாங்காது.

மீள்வதற்கு முதலில் கேட்வேயில் டிராஃபிக்கை 10 சதவீதத்துக்கு வெட்டுங்கள், மீதிக்கு உடனே 503 (சேவை இப்போது இல்லை என்ற பதில்). காத்திருக்கும் ரிக்வெஸ்ட்கள் வடிந்ததும் 25, 50, 100 சதவீதம் என்று ஏற்றுங்கள்.

பிறகு ரீட்ரையை ஆர்டர் சர்வீஸில் மட்டும் வையுங்கள்: 2 முயற்சி, ஒவ்வொன்றுக்கும் 800 மில்லி விநாடி, நடுவில் 0 முதல் 100 மில்லி விநாடி வரை ரேண்டம் இடைவெளி. மொத்த ரிக்வெஸ்ட்டில் 10 சதவீதத்துக்கு மேல் ரீட்ரை போகக்கூடாது என்று வரம்பும் வேண்டும். கேட்வே டைம்அவுட் 2 விநாடி. போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டின் (ஒரு க்வெரி ஓடலாம் என்ற நேர வரம்பு) இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. அதை 600 மில்லி விநாடி ஆக்குங்கள். ஸ்டாக்கைக் குறைக்கும் ரிக்வெஸ்ட்டுக்கு ஐடெம்பொட்டன்சி கீ (அதே ரிக்வெஸ்ட் மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் எண்) இல்லையென்றால் ரீட்ரையே வேண்டாம், ஒரே பொருள் இரண்டு முறை கழியும்.

பாட்களை இரட்டிப்பாக்கியபோது கனெக்‌ஷன்களும் இரட்டிப்பாகின. போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சம் 100 கனெக்‌ஷன்தான்.

கேட்டவர்

நன்றி. லைவ்னஸ் புரோப் (பாட் உயிரோடு இருக்கிறதா என்று குபர்நெட்டிஸ் செய்யும் சோதனை) டேட்டாபேஸில் "செலக்ட் 1" ஓட்டிப் பார்க்கிறது. அது தொடர்புடையதா?

பதில் 2

ரீஸ்டார்ட்டுக்குக் காரணமே அதுதான். குபர்நெட்டிஸின் இயல்பு அமைப்பை மாற்றாமல் விட்டால் 10 விநாடிக்கு ஒரு சோதனை, 1 விநாடி டைம்அவுட், 3 தோல்விக்கு ரீஸ்டார்ட். டேட்டாபேஸ் அரை நிமிடம் திணறினாலே நலமாக இருக்கும் பாட்கள் அத்தனையும் கொல்லப்படும்; புதிதாக எழுபவை காலி கேஷோடு (தற்காலிகச் சேமிப்பு) வந்து டேட்டாபேஸை மேலும் அழுத்தும். லைவ்னஸ் தன் புராசஸை மட்டும் பார்க்கட்டும். ரெடினஸிலும் (பாட் டிராஃபிக் வாங்கத் தயாரா என்ற சோதனை) பொது டேட்டாபேஸைச் சேர்க்காதீர்கள், எல்லா பாட்களும் ஒரே நொடியில் விலகிவிடும்.

பதில் 3

ஆன்-கால் (கோளாறு வந்தால் கவனிக்கும் பொறுப்பு) பக்கமும் ஒன்று. ரன்புக்கில் (கோளாறின்போது பின்பற்றும் குறிப்பேடு) டிராஃபிக்கை வெட்டும் கட்டளையை அப்படியே காப்பி செய்யும்படி எழுதி, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆன்-காலில் இருப்பவரே ஓட்டலாம் என்று சேருங்கள். அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வரிசை நீண்டுகொண்டேதான் போகும். 99.9 சதவீத நேரம் சர்வீஸ் இயங்க வேண்டும் என்பது இலக்கென்றால், முடங்கியிருக்க 30 நாளுக்கு 43 நிமிடம்தான் கையில் இருக்கிறது.

மாற்றியதை ஸ்டேஜிங்கில் (நிஜ அமைப்பைப் போன்ற சோதனைச் சூழல்) சோதியுங்கள்: அதே 400 சுமை கொடுத்து, ஸ்டாக் சர்வீஸுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் 2 விநாடி தாமதம் செருகி, ஸ்டாக் சர்வீஸுக்கு வரும் ரிக்வெஸ்ட்களை எண்ணுங்கள். விநாடிக்கு 440-ஐ (400-உம் 10 சதவீத ரீட்ரை வரம்பும்) தாண்டினால் இன்னொரு ரீட்ரை எங்கோ ஒளிந்திருக்கிறது. எச்டிடிபி கிளையன்ட் லைப்ரரியின் இயல்பு அமைப்பை முதலில் பாருங்கள்.