புதிய லோகோவில் தமிழ் வரி மட்டும் உடைகிறது, பெயர்ப்பலகை அச்சுக்குப் போகுமுன் உதவுங்கள்

நீலவானம் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):
வணக்கம். மளிகைக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். லோகோ, நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் புதுப்பிக்கிறோம். வாடிக்கையாளர்களில் தமிழ்க் கடைக்காரர்கள் நிறையப் பேர். அதனால் மலாய் வாசகத்தோடு 'தொழிலுக்குத் தோள்கொடுப்போம்' என்ற வரியும் வேண்டுமென்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

இணையதளத்தில் அந்த வரி ஒழுங்காக இருக்கிறது. வடிவமைப்பாளர் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் செய்து அனுப்பிய பிடிஎஃப்பில் கொம்பு முன்னால் வராமல் 'த'வுக்குப் பின்னால் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவருக்குத் தமிழ் படிக்க வராது. எழுத்துருதான் பழுது என்கிறார். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான் இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. 'தமிழை எடுத்துவிடலாமே' என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. எடுக்க எனக்கு மனமே இல்லை.

இன்னொன்று. புதிய ஆரஞ்சுப் பொத்தானில் (சிவப்பு 255, பச்சை 122, நீலம் 0) வெள்ளை எழுத்து சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள் கடைக்காரர்கள். என்ன செய்யலாம்?

எழுத்துருப் பிரியன்:
எழுத்துருவில் பழுதில்லை, தங்கச்சி. யூனிகோடில் 'தொ' என்பது முதலில் 'த', பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் கோக்கும் இயந்திரத்தின் வேலை. உலாவிகள் அதைத் தாமாகவே செய்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் அந்த வேலையைப் பார்க்கும் வழக்கமான கம்போசர் செய்யாது, நாம்தான் மாற்றிக்கொடுக்க வேண்டும்.

பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள். பிறகு வரியைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் சிங்கிள்-லைன் கம்போசர்' கொடுக்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் என்றால் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்'. கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும்.

சரியான பிறகு எழுத்தை வெறும் வடிவக் கோடுகளாக மாற்றி, அதாவது அவுட்லைன் ஆக்கித்தான் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். மூல எழுத்தோடு ஒரு பிரதி தனியாக உங்களிடம் இருக்கட்டும். அவுட்லைன் ஆன கோப்பைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உடைந்த தமிழோடு எத்தனை பந்திங் (விளம்பரத் தொங்கல்) தொங்குகிறது இந்த ஊரில்! பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் அகலமாக இடைவெளிவிட்டு அமைத்திருந்தால், அந்த இடைவெளியைத் தமிழுக்கும் போட வேண்டாம், சொல் சிதறிவிடும். மேலே விசிறி, கீழே உகரச் சுழி இருப்பதால் வரி உயரமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கட்டமரானில் தமிழும் லத்தீனும் சேர்ந்தே வரையப்பட்டவை, தடிமன் ஒன்பது வகை. என்னைக் கேட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
பொத்தானைப் பற்றி. அந்த ஆரஞ்சில் வெள்ளை எழுத்தின் ஒளி மாறுபாடு (காண்ட்ராஸ்ட்) ஏறக்குறைய 2.6:1 தான் வருகிறது. வழக்கமான அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. இரண்டுக்குமே போதாது. வெயில் விழும் கடையில் மங்கிய திரையைப் பார்த்துப் பில் போடுகிறவர் பாடு என்ன? எழுத்தைக் கறுப்பாக்கினால் 8:1 கிடைக்கும். வெள்ளைதான் வேண்டுமென்றால் பொத்தானுக்கு மட்டும் 194, 65, 12 என்று அடர்த்தியாக்குங்கள், 5:1 தாண்டிவிடும். லோகோ அதே ஆரஞ்சிலேயே இருக்கலாம்.

செந்தூல் அச்சுக்காரர்:
திரையில் பார்க்கிற ஆரஞ்சு நான்கு மை அச்சில் அப்படியே வராது, மங்கும். பெயரட்டைக்கு பேண்டோன் எண் (அச்சு மை நிறங்களுக்கான குறியீட்டு எண்) ஒன்றை முடிவு செய்யுங்கள். பலகைக்கு வினைல் மாதிரி அட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பலகையில் மலாய் முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். வாசகத்துக்கு மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பு வாங்கி, அதோடு டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) உரிமத்துக்குப் போடுங்கள். தமிழ் வரி சின்னதாக இருந்தாலும் தெளிவாக இருக்கும்படி இப்போதே வடிவமைத்துவிட்டால் பிறகு வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

நீலவானம்:
அண்ணே, கம்போசரை மாற்றியதும் வரி நிமிர்ந்துவிட்டது! பொத்தானுக்குக் கறுப்பு எழுத்து என்று முடிவாகிவிட்டது. மனமார்ந்த நன்றி. பழைய லோகோவை மைஐபோவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) வணிக முத்திரையாகப் பதிந்திருக்கிறோம். புதியதற்கும் அதுவே செல்லுமா?

பாயான் லெப்பாஸ் அக்கா:
செல்லாதும்மா. பதிந்த முத்திரையின் அடையாளத்தையே மாற்றுகிற திருத்தத்தை ஏற்கமாட்டார்கள். புதியதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2019 டிசம்பர் 27 முதல் நடப்பில் உள்ள வணிக முத்திரைச் சட்டப்படி ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்புகளை (பொருள், சேவை வகைகளை) சேர்க்கலாம். பதிவிறக்கும் மென்பொருளுக்கு 9, இணையவழிச் சேவைக்கு 42. பழைய பதிவை உடனே கைவிடாதீர்கள். புதியது கைக்கு வரும்வரை கிடக்கட்டும்.